வங்கி சொல்லாத இரண்டாவது இஎம்ஐ: மழைக்கு முன் வீட்டுக்கு ஒதுக்க வேண்டிய பணம்

ஹோம் லோன் போடும்போது வங்கியில ஒரு ஷீட் கொடுப்பாங்க. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாசா மாசம் எவ்வளவு கட்டணும்னு 20 வருஷத்துக்கு 240 வரி இருக்கும். அந்த 240 வரியில கைப்பிடிச் சுவர் வெடிப்புக்கு ஒரு வரி இருக்காது. மோட்டார் காயில் எரிஞ்சா என்ன பண்ணுறதுன்னும் இருக்காது. ஆனா நம்மில் பெரும்பாலானவங்க அந்த ஷீட்டை வெச்சுத்தான் சம்பளத்தைப் பங்கு போடுறோம். இஎம்ஐ போச்சு, எஸ்ஐபி போச்சு, மளிகை, பெட்ரோல், பிள்ளை ஸ்கூல் ஃபீஸ். மீதி இருந்தா சேமிப்பு.

அப்புறம் ஐப்பசியில ஒரு நாள் ராத்திரி, பெட்ரூம் சீலிங்ல தட்டு அளவுக்கு ஒரு ஈரத் திட்டு தெரியும். அன்னிக்குத்தான் வீட்டுக்குள்ள 'திடீர் செலவு'ங்கிற வார்த்தை வரும்.

ஒரு ஆடிட்டரா எனக்கு அந்த வார்த்தையிலதான் முதல் ஆட்சேபம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரும்னு எல்லாருக்கும் தெரியும். பெயின்ட் அஞ்சாறு வருஷத்துல வெளுக்கும், இன்வெர்ட்டர் பேட்டரி நாலு வருஷத்துல படுக்கும், இதுவும் தெரியும். தேதி கிட்டத்தட்ட தெரிஞ்ச ஒரு செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்டை உடைக்கிறது தப்பு. பர்சனல் லோன் எடுக்கிறது அதைவிடத் தப்பு. இதை மாசத் தவணையா பாருங்க. வங்கிக்குக் கட்டுறது முதல் இஎம்ஐ, வீட்டுக்கே கட்டுறது இரண்டாவது இஎம்ஐ. சேனல்ல வீட்டுக் கடன் பற்றிப் பேசும்போது இதைத் தொட்டேன், ஆனா வீடியோவுல கணக்கை முழுசா விரிக்க முடியல. அதனால இங்கே.

ஒரு விஷயம் முன்கூட்டியே: நான் சொல்ற மாதங்கள் சென்னை, செங்கல்பட்டு, கடலூர் மாதிரி கடலோர மாவட்டங்களுக்கு. கன்னியாகுமரி, தென்காசி, கோவை பக்கம் இருக்கிறவங்களுக்கு ஜூன்லயே தென்மேற்கு மழை தொட்டுடும். நீங்க எல்லாத்தையும் நாலு மாசம் முன்னாடி நகர்த்திக்கோங்க.

ஏன் ஆடி, ஆவணி?

சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணே மாசத்துல கொட்டுது. அதனால மொட்டை மாடி, வெளிச்சுவர், மழைநீர்க் குழாய் வேலை எல்லாம் செப்டம்பர் நடுவுக்குள்ள முடிஞ்சிருக்கணும். பூச்சும் வாட்டர் ப்ரூஃபிங் கோட்டிங்கும் காய்ந்த தளத்துல மட்டும்தான் பிடிக்கும். சிமென்ட் பூச்சு போட்டா அதைத் தண்ணி விட்டு ஆற வைக்கவும் நாள் வேணும், அதுக்கு மேல கோட்டிங் அடிக்கும் முன்னாடி காய வைக்கவும் நாள் வேணும்.

அதோட ஆள் கிடைக்கணும். முதல் மழை பெய்ஞ்ச மறுநாள் ஊர்ல இருக்கிற எல்லா கொத்தனாருக்கும் ஒரே சமயத்துல போன் போகும். அவர் சொல்ற ரேட்தான் ரேட். அதையும் கொடுக்க நீங்க தயாரா இருந்தாலும், "மழை விடட்டும் சார், பார்க்கலாம்"னுதான் பதில் வரும். ஆடியில் அதே கொத்தனார் நேரத்துக்கு வந்து, மாடியில அரை மணி நேரம் நின்னு பேசிட்டுப் போவார். 'ஆடியில வேலை ஆரம்பிக்கக் கூடாது'ன்னு வீட்டுப் பெரியவங்க சொன்னா, இது புது வேலை இல்ல, பழைய வேலைன்னு சொல்லிப் பாருங்க.

இதுக்கு நேர் எதிரா நடக்கிறது தீபாவளி பெயின்ட். போனஸ் வரும், பெயின்ட் விளம்பரமும் வரும், நாமும் நடு மழையில, ஓதம் ஏறின சுவருக்குப் புது கலர் அடிப்போம். ஈரம் உள்ளே மாட்டிக்கிட்டு, பொங்கலுக்குள்ள கொப்புளம் கொப்புளமா உரியும். உள்பக்க பெயின்ட் வேலையைத் தை முடிஞ்சு மாசியில வெச்சுக்கோங்க. சுவர் காய்ந்திருக்கும். போகிக்கு முன்னாடி பெயின்டர்களுக்கு இருக்கிற கிராக்கியும் குறைஞ்சிருக்கும். போனஸ் பணம் மூணு மாசம் அக்கவுண்ட்ல இருந்தா ஒண்ணும் ஆகாது.

மொட்டை மாடிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

தனி வீடோ, மேல் மாடி ஃப்ளாட்டோ, பெரிய செலவு ஆரம்பிக்கிற இடம் மொட்டை மாடிதான். அதனால ஒரு ஞாயிறு காலையில காபியோட மேல போங்க. முதல்ல மழைத்தண்ணி இறங்குற குழாயின் வாயைப் பாருங்க. காய்ந்த இலை, பாலித்தீன் கவர், பக்கத்து வீட்டுப் பையனோட பந்து, ஏதாவது ஒண்ணு இருக்கும். எடுத்துட்டு ஒரு ஜல்லடை மூடி போடுங்க. ரெண்டு வாளித் தண்ணியை எதிர்மூலையில ஊத்துங்க. குழாயைப் பார்த்து ஓடினா வாட்டம் சரி. நடுவுல குட்டை மாதிரி நின்னா, அந்த இடத்தைச் சாக்பீஸ்ல வட்டம் போட்டு போட்டோ எடுத்துக்கோங்க. கொத்தனார்கிட்ட 'எங்கேயோ ஒழுகுது'ன்னு சொன்னா மாடி முழுக்க ரேட் சொல்லுவார். வட்டத்தைக் காட்டினா வட்டத்துக்கு மட்டும் சொல்லுவார்.

அடுத்து கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலை. நான் பார்த்த கசிவு பில்களில் பாதிக்குப் பாதி இந்த மூலையிலதான் ஆரம்பிக்குது. அப்புறம் தட்டோடு பதிச்சிருந்தா அதன் இடுக்குகள். ஏசி அவுட்டோர், டிஷ், சோலார் ஸ்டாண்டுக்கு டிரில் போட்ட ஓட்டைகள். டிஷ்ஷைக் கழட்டி வருஷக்கணக்கா ஆகியிருக்கும், ஓட்டை மட்டும் அங்கேயே இருக்கும். பூந்தொட்டிகளை நகர்த்தி அடியிலயும் பாருங்க.

வெறும் அழகுக்காக இவ்வளவு பார்க்கச் சொல்லல. கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற கம்பி வரைக்கும் தண்ணி போச்சுன்னா கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேணும். அது உள்ளே இருந்து தள்ளும்போது கான்கிரீட் வெடிச்சு, சீலிங் காரை பெயர்ந்து விழும். வெடிப்பை அடைக்கிற செலவு ஆயிரங்களில். கம்பி தெரிஞ்ச பிறகு செலவு லட்சத்துல. நடுவுல பொதுவா நாலஞ்சு மழைக்காலம் டைம் கொடுக்கும், நாமதான் 'அடுத்த வருஷம்'னு தள்ளுவோம்.

என்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்ற ஒரு தம்பதி, ரெண்டு பேரும் சம்பளக்காரங்க. தாம்பரம் தாண்டித் தனி வீடு. 2023 ஆகஸ்ட்ல கொத்தனார் வந்து, கைப்பிடிச் சுவர் மூலை வெடிப்பு, குழாய் வாய், ரெண்டுக்கும் சேர்த்து 22,000 ரூபாய் கேட்டார். அந்த மாசம் குழந்தைக்கு டேர்ம் ஃபீஸ். 'ஜனவரி இன்க்ரிமென்ட் வந்ததும் பார்த்துக்கலாம்'னு விட்டாங்க. டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். குழாய் வாய் அடைச்சு மாடியில் தண்ணி நின்னது. மூலை வழியா இறங்கி ஹால் ஃபால்ஸ் சீலிங் விழுந்தது, அதுக்குள்ள ஓடின ஒயரிங் போச்சு, சுவரோட ஒட்டின மர அலமாரி ஊறிப்போச்சு. மொத்தம் 1,48,000. ஆகஸ்ட்ல 22,000 கொடுத்திருந்தா முழுசும் மிச்சம்னு நான் சொல்ல மாட்டேன். அந்த ரெண்டு நாள் மழைக்குத் தயாரா இருந்த வீடுகளும் சேதமாச்சு. ஆனா அவங்க தெருவுக்குள்ள வெள்ளம் வரல. மேல நின்ன தண்ணிதான் கீழ வந்தது.

எனக்கு அதுல உறுத்தினது சீலிங் இல்ல. அதுக்கப்புறம் நடந்தது. 1,50,000 ரூபாய் பர்சனல் லோன், 14% வட்டி, மூணு வருஷம். மாசம் 5,127 ரூபாய். அதைக் கட்டுறதுக்காக மகளுக்காகப் போட்டுட்டிருந்த 5,000 ரூபாய் எஸ்ஐபியை நிறுத்தினாங்க. லோன் முடியும்போது ஏறக்குறைய 34,500 ரூபாய் வட்டி போயிருக்கும். தள்ளிப்போட்ட ரிப்பேர் செலவைவிட அதிகம் அது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பேப்பர் எடுங்க. உங்க வீட்டுல தேயக்கூடிய ஒவ்வொண்ணையும் எழுதி, செலவை ஆயுளால வகுங்க. நான் 1,000 சதுர அடி தனி வீட்டுக்கு ஒரு உதாரணம் போடுறேன். ரேட் ஊருக்கு ஊர் மாறும், உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்கோங்க. முறைதான் முக்கியம்.

வெளிப்புற பெயின்ட் 90,000, ஆறு வருஷம்: வருஷத்துக்கு 15,000. மாடி கோட்டிங் 45,000, அஞ்சு வருஷம்: 9,000. சம்ப், மேல் டேங்க் கழுவ வருஷத்துக்கு ரெண்டு தடவை, தடவைக்கு 1,500: 3,000. ரெண்டு ஏசிக்கு நாலு சர்வீஸ், 700 வீதம்: 2,800. இன்வெர்ட்டர் பேட்டரி 16,000, நாலு வருஷம்: 4,000. மோட்டார் 12,000, ஆறு வருஷம்: 2,000. பிளம்பர், எலக்ட்ரீஷியன் சில்லறை வேலை: 6,000. கரையான் மருந்து, மழைநீர்த் தொட்டி சுத்தம்: 4,200.

கூட்டினா 46,000. பன்னிரண்டால வகுத்தா மாசம் 3,833. நாலாயிரம்னு வெச்சுக்கோங்க. இதுதான் உங்க இரண்டாவது இஎம்ஐ.

"ஏற்கெனவே மூச்சு முட்டுது, இதுக்கு எங்கே போக?"ன்னு கேட்பீங்க. நியாயம். ஆனா இந்த நாலாயிரத்தை நீங்க இப்பவும் கட்டிட்டுத்தான் இருக்கீங்க. மூணு வருஷம் கட்டாம இருந்து, நாலாவது வருஷம் மொத்தமா, வட்டியோட. மாசம் 4,000 வீதம் 36 மாசம் ஆர்டியில போட்டா, 6.5% வட்டின்னு வெச்சா ஏறக்குறைய 1,59,300 கையில இருக்கும். மேல சொன்ன தம்பதி அதே 36 மாசத்துல கட்டப்போறது 1,84,500. வீடு ஒண்ணுதான், வேலை ஒண்ணுதான். முழுசா நாலாயிரம் முடியலன்னா மாடிக்கும் குழாய்க்கும் மட்டும் 1,500ல் ஆரம்பிங்க. பெயின்ட் காத்திருக்கும், தண்ணி காத்திருக்காது.

பணத்தை எங்கே வைக்கிறது? ஒவ்வொரு ஜூலையிலும் முதிர்ச்சி ஆகிற மாதிரி 12 மாச ஆர்டி போடுறது எனக்குப் பிடிச்ச வழி. ஆடியில் பணம் கைக்கு வரும், அந்த வருஷ வேலைக்குப் போக மிச்சத்தை எஃப்டியில தள்ளி வைங்க, அது பெயின்ட் வருஷத்துக்கு. வட்டிக்கு வரி உண்டு, பரவாயில்ல. இந்தப் பணத்தை ஈக்விட்டி ஃபண்டுல போடாதீங்க. மழை வர்ற தேதியும் மார்க்கெட் ஏறுற தேதியும் ஒண்ணா அமையும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. சம்பள அக்கவுண்ட்லயே விட்டு வைக்கவும் வேண்டாம். அங்கே இருக்கிற பணம் எப்படிக் கரையும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"பர்சனல் லோன் எதுக்கு, ஹோம் லோன்ல டாப்-அப் 9 சதவீதத்துக்குத் தர்றாங்களே?"ன்னு ஒரு கேள்வி அடிக்கடி வரும். வட்டி வீதம் குறைவு, உண்மை. ஆனா அதை மீதி ஹோம் லோன் காலத்தோட, 15 வருஷத்துக்கு இழுத்தீங்கன்னா, 1,50,000க்கு மாசம் 1,521 தான் வரும், மொத்த வட்டி 1,23,850 போயிடும். அஞ்சு வருஷம் தாங்குற கோட்டிங்குக்கு 15 வருஷக் கடன். டாப்-அப் எடுத்தே ஆகணும்னா, மூணு வருஷத்துல முடிக்கிற மாதிரி கேட்டு வாங்குங்க.

மாடிக்குக் கீழே

மத்ததைச் சட்டுனு பார்த்துடலாம். மழைநீர் சேகரிப்பு 2003ல் இருந்து தமிழ்நாட்டுல கட்டாயம், அதனால தொட்டி உங்க வீட்டுல இருக்கும். கடைசியா எப்போ திறந்து பார்த்தீங்க? மேல் கூழாங்கல்லை அள்ளிக் கழுவி, படிஞ்ச சேறை எடுத்தாத்தான் தண்ணி உள்ளே இறங்கும். இல்லன்னா அது மூடி போட்ட ஒரு கொசுத் தொட்டி.

சம்ப் மூடி தரை மட்டத்துல இருந்தா, தெருத் தண்ணி உள்ளே போக வழி இருக்குன்னு அர்த்தம். விளிம்பைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டச் சொல்லுங்க. செப்டிக் டேங்க் நிரம்பினா லாரியைக் கூப்பிடுங்க. ஐநூறு ரூபா குறைச்சலா வருதுன்னு ஆளை உள்ளே இறக்காதீங்க. விஷவாயுவில் உயிர் போகும், பாதுகாப்பில்லாம ஆளை இறக்குறது 2013 சட்டப்படி இறக்கினவருக்கும் ஜெயில்.

மெயின் போர்டுல ஆர்சிசிபின்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், பழக்கத்துல இஎல்சிபின்னும் சொல்வாங்க. அதுல 'டி'ன்னு ஒரு சின்ன பட்டன். அதை அழுத்தினா டக்குனு விழணும். விழலன்னா அன்னிக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஈரச் சுவர்ல கசியுற கரண்ட்டுல இருந்து உங்க வீட்டு ஆளைக் காப்பாத்துறது அதுதான். போர்டுல அப்படி ஒண்ணே இல்லன்னா, இந்தக் கட்டுரையில முதல் செலவு அதுதான், ஆர்டி முதிர்ச்சி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஏசி சர்வீஸை மாசியில முடிச்சுடுங்க, கோடையில ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே கழுவுங்க. தூசி அடைச்ச ஏசி அதே குளிர்ச்சிக்கு அதிக யூனிட் இழுக்கும். நம்ம ஊர்ல ரெண்டு மாச பில் 500 யூனிட்டைத் தாண்டினா ஸ்லாபே மாறிடும், தாண்டின யூனிட்டுக்கு மட்டும் இல்லாம கீழே இருக்கிற யூனிட் சிலதுக்கும் ரேட் ஏறும். 490லயும் 510லயும் நிக்கிற வீடுகளுக்கு ஃபில்டர் கழுவுறது நல்ல வருமானம்.

ஃப்ளாட்காரங்களுக்கு

"எங்களுக்கு அசோசியேஷன் பார்த்துக்கும்"னு சொல்ற ஃப்ளாட் நண்பர்களே, அசோசியேஷன்கிட்ட பணம் இருக்கான்னு பாருங்க. மாச மெயின்டனன்ஸ் வாட்ச்மேன் சம்பளத்துக்கும் லிஃப்ட் ஏஎம்சிக்கும் சரியாப்போகும். மாடி வாட்டர் ப்ரூஃபிங்குக்கும் வெளிச்சுவர் பெயின்டுக்கும் தனி நிதி இருக்கணும். வருஷக் கூட்டத்துல சமோசா சாப்பிட்டுட்டு வந்துடாம, கார்பஸ் ஃபண்ட் இருப்பு எவ்வளவு, எந்த எஃப்டியில இருக்குன்னு கேளுங்க. பதில் தெளிவா வரலன்னா, கூடிய சீக்கிரம் உங்களுக்கு வாட்ஸ்அப்ல ஒரு தலைக்கட்டு வசூல் வரும்னு எழுதி வெச்சுக்கோங்க. ஒரு ஃப்ளாட்டுக்கு மாசம் 7,500 ரூபாய்க்கு மேலயும், அசோசியேஷனோட வருஷ வரவு 20 லட்சத்துக்கு மேலயும் போனா 18% ஜிஎஸ்டி வரும்ங்கிறதையும் மெயின்டனன்ஸ் ஏத்தும்போது யோசிக்கணும்.

புது ஃப்ளாட் வாங்கினவங்களுக்கு முக்கியமான ஒண்ணு. ரெரா சட்டம் 14-வது பிரிவுப்படி, சாவி கொடுத்த நாளில் இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிஞ்சு நீங்க சொன்னா, பில்டர் 30 நாளுக்குள்ள இலவசமா சரி பண்ணணும். அதாவது அஞ்சு மழைக்காலம். ஒவ்வொரு மழையிலயும் சீலிங், பாத்ரூம் வெளிச்சுவர், ஜன்னல் ஓரம் எல்லாத்தையும் தேதியோட போட்டோ எடுத்து, பில்டருக்கு மெயில் அனுப்புங்க. சைட் இன்ஜினியர்கிட்ட வாய்ல சொன்னது கணக்குல வராது. நாலாவது வருஷம் சின்னதா ஒரு திட்டு தெரிஞ்சா 'பெயின்ட் அடிச்சா போச்சு'ன்னு நீங்களே செலவு பண்ணிடாதீங்க. இலவசமா ஆக வேண்டிய வேலை அது.

பில்லை வெச்சு வரி குறைக்கலாமா?

பிப்ரவரியில ஆபீஸ்ல ப்ரூஃப் கேட்கும்போது எனக்கு வர்ற முதல் கேள்வி. நீங்க குடியிருக்கிற வீட்டு ரிப்பேருக்கு எந்தக் கழிவும் கிடையாது. பழைய முறையிலயும் இல்ல, புதிய முறையிலயும் இல்ல. ரிப்பேருக்குக் கடன் வாங்கியிருந்தா, பழைய முறையில அந்த வட்டிக்கு வருஷத்துக்கு 30,000 வரை உண்டு. ஆனா அது ஹோம் லோன் வட்டிக்கான 2 லட்சத்துக்குள்ளயே அடங்கும். உங்க ஹோம் லோன் வட்டியே 2 லட்சத்தைத் தொட்டுட்டா, இதுக்கு இடமில்ல. புதிய முறையில குடியிருக்கிற வீட்டுக்கு வட்டிக் கழிவே இல்ல. ரிப்பேர் கடனோட அசலை 80சி-ல் காட்டவும் முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம், அதுல பிரிவு எண்கள் வேற.

வாடகைக்கு விட்டிருந்தா கதை வேற. வாடகையில் இருந்து, நீங்க கட்டின சொத்து வரியைக் கழிச்சு, மீதியில 30% கழிவு. புதிய முறையிலயும் உண்டு. மாசம் 15,000 வாடகைன்னா வருஷம் 1,80,000. சொத்து வரி 6,000 போனா 1,74,000. அதுல 30%, 52,200. நீங்க ஒரு ரூபா செலவு பண்ணாட்டாலும் இது உண்டு, மூணு லட்சம் செலவு பண்ணினாலும் இவ்வளவுதான். வாடகை வீட்டுக்கு எவ்வளவு ஒதுக்கணும்னு குழம்புறவங்களுக்கு நான் இந்த எண்ணையே சொல்லுவேன்: மாசம் 4,350. சட்டமே உங்களுக்கு வரியில்லாம விட்டுக்கொடுத்த பணம், அதைச் செலவு பண்ணிட வேண்டாம்.

அப்போ பில்லைத் தூக்கிப் போடலாமா? கூடாது. புதுசா ஒரு ரூம் எடுத்தது, புதுசா காம்பவுண்ட் சுவர் கட்டினது மாதிரி வேலைகள் வீட்டோட அடக்க விலையில சேரும். என்னிக்காவது வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயம் அந்த அளவு குறையும். 2024 ஜூலை 23க்கு அப்புறம் வாங்கின வீட்டுக்கு விலைவாசிச் சரிக்கட்டல் கிடையாது, 12.5% நேரடி வரி. அதனால அடக்க விலையில சேர்ற ஒவ்வொரு பில்லும் முன்னைவிட முக்கியம். பெயின்ட், கசிவு அடைப்பு இதுல சேராது. கொத்தனாருக்கு யுபிஐயில அனுப்பி, என்ன வேலைன்னு நோட்ல ரெண்டு வார்த்தை எழுதிடுங்க. பத்து வருஷம் கழிச்சு உங்க ஆடிட்டர் வாழ்த்துவார்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கு. லோன் போடும்போது வங்கியில 'ஹோம் லோன் இன்ஷூரன்ஸ்'னு விற்றது பெரும்பாலும் உங்க உயிருக்கு. நீங்க இல்லாட்டா லோனை அடைக்கும், சீலிங்கைக் கட்டித் தராது. கட்டடத்துக்குத் தனியா வேணும். ஐஆர்டிஏஐ 2021 ஏப்ரலில் கொண்டுவந்த 'பாரத் கிருஹ ரக்ஷா'ங்கிற பொது பாலிசியை எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர்றாங்க. புயல், வெள்ளம், மின்னல், தீ எல்லாம் அடங்கும். வீட்டுப் பொருட்களுக்கும் கட்டடத் தொகையில் 20%, அதிகபட்சம் 10 லட்சம் வரை தானா சேரும். ஆனா வருஷக்கணக்கா ஊறி வந்த கசிவு, தேய்மானம் இதுல வராது. ஆடியில எடுத்த மாடி போட்டோவும் கொத்தனார் பில்லும் இருந்தா, சேதம் புயலால வந்ததுன்னு சர்வேயர்கிட்ட பேச உங்களுக்கு ஆதாரம் இருக்கும்.

கடைசியா, வாடகை வீட்டுல இருக்கிறவங்க. 'இது நமக்கு இல்ல'ன்னு தாண்டிப் போயிருந்தா திரும்பி வாங்க. 2017 தமிழ்நாடு வாடகைச் சட்டத்தோட அட்டவணை, யார் எதுக்குச் செலவு பண்ணணும்னு பிரிச்சே வெச்சிருக்கு. கட்டட ரிப்பேர், சுவர் வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் மாற்றுறது, ஒயரிங் எல்லாம் வீட்டு ஓனர் பொறுப்பு. டேப் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எடுக்கிறது மாதிரி சில்லறை வேலை உங்க பொறுப்பு. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தா அதன்படி. சீலிங் கசிவை ஆகஸ்ட்லயே போட்டோவோட ஓனருக்கு அனுப்புங்க. மழை முடிஞ்சு, வீட்டைக் காலி பண்ணும்போது, அட்வான்ஸ்ல 'பெயின்ட்'னு பிடிக்கிற அன்னிக்கு அந்த மெசேஜோட தேதி கேட்பாங்க.